மட்டத்துக்கு இறங்காத கோடு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வலி என்று வாய் திறக்காத ஆள்.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாரி இருக்கு. வாயுதான்" என்று சோடா வாங்கிக் குடித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டோ பிடித்து, முத்தையாபுரத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கை கால்களில் கிளிப் மாட்டி, நெஞ்சில் வயர்களை ஒட்டி நர்ஸ் ஈசிஜி எடுத்தாள். கட்டம் போட்ட ரோஸ் தாளில் ஒரே கிறுக்கல்.

"இதுல என்னம்மா தெரியுது?"

அந்தப் பெண் விரல் வைத்துக் காட்டினாள். "இந்தச் சின்ன மேடு, இதயத்தோட மேலறையில கரண்ட் பாயுறது. ஊசி மாரி நிக்குதுல்லா, அது கீழறைக்கு. உடனே அது சுருங்கி ரத்தத்தத் தள்ளும். பெறவு வார உருண்ட மேடு, அடுத்த துடிப்புக்குத் தயாராவுறது. ஊசிக்கும் அந்த மேட்டுக்கும் நடுவுல கோடு மட்டத்துக்கு இறங்கிரணும். ஊசிக்கு ஊசி இடைவெளி ஒண்ணுபோல இருக்கணும். அண்ணனுக்கு எல்லாம் சரியா இருக்குக்கா."

"பாத்தியா ஏளா? சொன்னேம்லா!" என்று அவர் கட்டிலை விட்டு இறங்கினார். நானும் மாமியாருக்கு போன் போட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் விடவில்லை. "வலி இருக்கு, வேர்க்குது. ஒரு ஈசிஜி நார்மலா இருந்தா மட்டும் போதாது. படுங்க, மறுபடி எடுப்போம்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. இரண்டாவது தாள் வந்தது. ஊசிக்குப் பிறகு கோடு இறங்கவே இல்லை. மேலேயே நின்று உருண்ட மேட்டோடு ஒட்டிக் கிடந்தது. அதே ஆள், அதே கட்டில்.

"இறங்கலியே…" என்றேன்.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். "ரத்தக்குழாய் அடைச்சிருக்கு" என்றார் அவர். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அழக்கூடத் தோன்றாமல், அவருடைய சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போது குழம்பில் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுகிறார். நான் உப்புச் சாடியை எடுத்து ஒளித்து வைக்கிறேன். அந்த முதல் தாளை நம்பி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால்?