ஆள் உயர மெழுகுதிரி

சுவிட்சர்லாந்தில், பீல் நகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் பல வருடங்களாக ஒரே ஒரு வாசனைதான் குற்றவாளி: நான் மிளகாய் வறுக்கும் வாசனை. அந்த இலையுதிர் காலத்தில் மூன்றாம் மாடிக்கு ஓர் ஐஸ் ஹொக்கி வீரன் குடிவந்தான். தன் கையுறைகளையும் நெஞ்சுக் கவசத்தையும் எல்லோருக்கும் பொதுவான உடுப்புக் காயவிடும் அறையில் தொங்கவிட்டான். அன்றோடு என் மிளகாய்க்கு விடுதலை கிடைத்தது.

சண்டை போடுவதற்கென்றே மேலே போனேன். கதவைத் திறந்தவன் நிலையில் தலை முட்டும் உயரம், அமெரிக்கன், முன்பல் ஒன்றைக் காணோம். அவன் மன்னிப்புக் கேட்ட மரியாதையில், திட்டப் போன நான் தேநீருக்கு அழைத்துவிட்டு இறங்கி வந்தேன். என் கணவர் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தேநீரோடு விசாரணையும் நடந்தது. நம்மவர்கள் வீட்டுக்கு வருகிறவனைச் சும்மா விடுவதில்லை. என்ன படித்தாய், வேலை நிரந்தரமா, கலியாணம் ஆயிற்றா. வேலை நிரந்தரமில்லை, கலியாணம் ஆகவில்லை என்றான். ஆனால் கல்லூரிக் காலத்தில், கல்லூரிகள் ஆடும் தொடரிலேயே சிறந்த வீரன் என்று பரிசு வாங்கியவனாம். பரிசு என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வடை இரண்டாம் தடவை பரிமாறப்பட்டது.

அதே பரிசை அவனுக்கு முன்னும் பின்னும் வாங்கியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று இவர் துருவினார். ஒருவர் அமெரிக்காவின் பெரிய லீக்கில் மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு இப்போது காப்புறுதி விற்கிறார். ஒருவர் தீயணைப்புப் படையில். ஒருவர் பல் வைத்தியர். ஹொக்கிக்காரர்கள் இருக்கும்வரை அவருக்குப் பிழைப்புக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரிய லீக்கில் இன்று பேரும் புகழுமாக இருப்பவனோ, எங்கள் ஆள் பரிசு வாங்கிய வருடம் இரண்டாவதாக வந்தவன். அதைச் சொல்லி அவனே சிரித்தான். அவனுடைய சொந்தக் கதை நோர்வே, ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா என்று போயிற்று: வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம், ஒரு நாடு, இரண்டு பெட்டி.

என் கணவரும் மன்னாரில் தன் கல்லூரியின் சிறந்த உதைபந்தாட்ட வீரர்தான். இது எனக்குக் கலியாணமான நாளிலிருந்து தெரியும்; தெரியாமலிருக்க அவர் விட்டதில்லை. அவரோடு ஆடியவர்களில் ஒருவர் இங்கே ரெனான் என்ற ஊரில் பாண் போடும் வெதுப்பகத்தில் நிற்கிறார், ஒருவர் கனடாவில் லொறி ஓட்டுகிறார். இவர் இங்கே தொழிற்சாலையில் மணிக்கூட்டுக்கு முள் பொருத்துகிறார். ஆக, என் மேசையில் இரண்டு சாம்பியன்கள் இருந்து வடை தின்றார்கள். தட்டுக் கழுவ ஒரு சாம்பியனும் எழும்பவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஹொக்கி புகுந்தது. ஓர் ஆட்டத்தில் இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் இறங்கலாம் என்று இங்கே விதி. அவனுடைய கழகத்திலோ அதைவிட ஓர் ஆள் கூடுதல். அந்தக் கூடின ஆள் பெரும்பாலும் எங்கள் ஆள்தான். கோட் சூட் போட்டுக்கொண்டு பார்வையாளர்களோடு இருப்பான். வெளிநாட்டுக்காரருக்கு இவ்வளவு இடம்தான் என்பதை எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் தங்கவிடும் பெர்மிட்டில் F போய் B என்று எழுத்து மாறும் மாறும் என்று வருடக்கணக்காகப் பார்த்திருந்தவர்கள் நாங்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு அவன் விஷயத்தைச் சொன்னான். வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. கழகம் வாய் திறக்கவில்லை; வேறு எவரும் கூப்பிடவில்லை. வயது முப்பத்திரண்டு. ஒன்றும் வராவிட்டால் ஊருக்குப் போய்த் தமையனோடு கூரை போடும் வேலைக்குப் போவதாக முடிவு. சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் புட்டில் கை வைக்கவில்லை. என் கணவரும் சாப்பிடவில்லை.

இவர் அந்தக் கிழமையே மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். பெடியனுக்கு ஒப்பந்தம் கிடைத்தால், கோடையில் எங்கள் சனங்கள் கூடுகிற மாதா கோவிலுக்கு அவன் உயரத்தில் ஒரு மெழுகுதிரி. அவன் உயரத்தைக் கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்ந்திருக்கலாம் என்றேன். காதில் விழுத்தவில்லை. அடுத்த முறை அவன் வந்தபோது ஏதோ சாட்டுச் சொல்லி அவனைக் கதவு நிலையோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார். இலங்கையில் விருந்தாளிகளை இப்படித்தான் அளப்பார்கள் என்று அவன் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கலாம்.

மாசி மாதம் அணியிலிருந்த பின்லாந்துக்காரனுக்கு முழங்கால் போயிற்று. எங்கள் ஆள் இறங்கினான். இறங்கிய கையோடு கோல்களாகப் போட்டான். இவர் மாதாவுக்கு நன்றி சொன்னார். பின்லாந்துக்காரனுக்கும் ஒரு தாய் இருப்பா, அவவும் எங்கேயாவது மெழுகுதிரி கொளுத்தியிருப்பா என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருடத்துக்கு. எங்கள் கழகத்திடமிருந்து அல்ல, நாட்டின் மறுகோடியில் இருக்கும் டாவோஸிலிருந்து. அவன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இவர் சிரித்தார். அவன் போய்க் கதவு சாத்தியதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

நான் விடுவேனா? "இடத்தைச் சொல்லாமல் ஆரும் நேர்த்தி வைப்பினமோ?"

"வேலை எண்டுதானே கேட்டனான்," என்றார்.

கோடை வந்தது. இந்த நாட்டில் அந்த நீளத்தில் மெழுகுதிரி விற்பவர் எவருமில்லை. இவர் கோவில் மெழுகுதிரிகளை வாங்கி, என் நல்ல சட்டியில் உருக்கி, நடுவில் கம்பி வைத்து ஒட்டினார். ரயிலில் அவர் ஒரு நுனியும் நான் மறுநுனியுமாகப் பிடித்துக்கொண்டு போனோம். ஆளே இல்லாமல் ஒருவனின் உயரத்தை மட்டும் சுமந்துகொண்டு போவது எனக்கு முதலில் வெட்கமாகவும், இரண்டாவது ரயிலில் பெருமையாகவும் இருந்தது.

கோவிலைக் கவனிக்கும் சுவிஸ் கிழவர் வந்து மெழுகுதிரியை அண்ணாந்து பார்த்தார். நோயாளி யார், மகனா என்று ஜெர்மனில் கேட்டார். நோயில்லை, மகனுமில்லை, தெரிந்த ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றார் என் கணவர். என்ன வேலை என்று கேட்டதற்கு, விளையாடுவது என்றார். கிழவர் சிரித்துக்கொண்டு, அதுவும் ஒரு வேலையா என்றார்.

இவர் சிரிக்கவில்லை. ஓம், வேலைதான் என்று ஜெர்மனில் அழுத்திச் சொன்னார். கிழவர் தலையாட்டிவிட்டு அப்பால் போனதும், மெழுகுதிரியை நிமிர்த்திப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்:

"எனக்குத்தான் அது கிடைக்கேல்லை."

அந்தக் கல்லூரிக் கதையை ஆயிரம் தடவை சொன்ன மனிதன் இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. மெழுகுதிரியின் உச்சிக்கு அவருக்குக் கை எட்டவில்லை. நான் போய் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஏறிக் கொளுத்தி முடிக்கும்வரை கதிரையையும் அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.