மோராவின் பேரை வாசிக்கக் கொடுத்த நாள்

மோரா, கடைசியில் நான் போய்விட்டு வந்தேனடி. நீ பதினொரு வருஷமாகக் கூப்பிட்ட இடத்துக்கு.

வாசிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மோராக் ஸ்கொட்லாந்துக்காரி. மோரா என்பது நான் கூப்பிடுகிற பேர். செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில், மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஒவ்வொரு சித்திரை மாதமும் மொஸ் வேல் பக்கத்தில் இந்த நாட்டில் குடியேறிய ஸ்கொட்லாந்து ஆட்கள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். அதற்கு வா வா என்பாள். சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது என்று நான் போனதே இல்லை. போன வருஷம் அவள் நாட்டின் மறுகரையில், பேர்த் நகரத்தில் இருக்கும் மகனிடம் போனாள். இந்தத் தை மாதம் அங்கேயே நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போனாள். செத்தவீடு முடிந்து ஒன்பது நாளுக்குப் பிறகுதான் சூப்பவைசர் எனக்குச் சொன்னார்.

அந்த ஒன்றுகூடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வருஷம் செத்தவர்களின் பேரை மத்தியானம் வாசிப்பார்கள். பிறகு ஒரே ஒரு ஆள் நின்று பைப் வாசிப்பார், தோல்பையை அமுக்கி ஊதுகிற அவர்களின் வாத்தியம். "என் பேரையும் ஒருநாள் அங்கே யாராவது கொடுக்கவேண்டும்" என்று மோரா சொல்லியிருக்கிறாள். செத்தவீட்டுக்குத்தான் போகவில்லை. இதையாவது செய்வோம் என்று வெளிக்கிட்டேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தவம் அண்ணை கூட்டிக்கொண்டு போனார். வென்ட்வேர்த்வில் வீட்டிலிருந்து காலை 6.40க்குக் காரை எடுத்தோம். ஏறக்குறைய 125 கிலோமீட்டர். வழியில் கோப்பிக்கு நின்றும் 8.25க்குப் போய்ச் சேர்ந்தோம். பெற்றோல் முப்பது டொலருக்குள் முடிந்தது. உள்ளே போக ஆளுக்கு 25 டொலர், கார் விட 5 டொலர்.

இறங்கினால் குளிர் எலும்புக்குள் போகிறது. புல்லெல்லாம் பனி ஈரம். அங்கே கிழவர், இளந்தாரி எல்லாரும் முழங்கால் தெரிய கில்ட் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"தங்கச்சி, இந்தக் குளிருக்க உந்தப் பாவாடையோட எப்பிடி நிக்கிறாங்கள்?" என்றார் தவம் அண்ணை.

"ஏன், இஞ்சத்தை ஆடி மாசக் குளிரில நீங்கள் கோயிலுக்க மேலுக்கு ஒண்டும் இல்லாமல் நிக்கேல்லையே?"

"அது சாமிக்கு."

"இது அவையின்ர பாட்டனுக்கு. பேசாமல் வாங்கோ."

பேர் பதிகிற மேசை வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது. பத்து மணியோடு மூடிவிடுவார்களாம். அது தெரியாமல் நாங்கள் முதலில் மரம் எறிவதைப் பார்க்கப் போய்விட்டோம். விளக்குக்கம்பம் மாதிரி ஒரு முழு மரத்தை நிமிர்த்திப் பிடித்து, ஓடிப்போய், தலைகீழாகப் புரட்டி எறிகிறார்கள். எவ்வளவு தூரம் போனது என்பது கணக்கில்லை. நேராக விழுந்ததா என்றுதான் பார்ப்பார்கள். இதை மோரா சொன்னபோது நான் நம்பவில்லை.

மேசைக்குப் போகும்போது 9.40. தாடி வைத்த ஒரு மனிதர் தாள் தந்தார். பேர், கிளான், ஊர் என்று மூன்று பெட்டி. கிளான் என்றால் அவர்களின் வம்சம். நான் பேருக்கு மோராக் என்று எழுதினேன். இரண்டாவது பெட்டியில் ரோடி என்று எழுதினேன். ரோடி அவளின் அப்பா. எங்களுக்குப் பேரோடு வருவது அப்பாவின் பேர்தானே? அந்த நினைப்பில் எழுதிவிட்டேன்.

அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கிளானே இல்லை, அவளின் குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது சம்பளத் துண்டில் இருந்த பேர் மட்டும். அது அவள் விட்டுவிட்டு வந்த புருஷனின் பேர். வேலையிடத்தில் தன் லொக்கரில் இருந்த அந்தப் பேரை அவள் ஆணியால் சுரண்டி அழித்ததை நான் கண்ணால் பார்த்தவள். மகனிடம் கேட்கலாம் என்றால் அவனின் நம்பர் என்னிடம் இல்லை.

"அதையே குடுத்திட்டு வா தங்கச்சி, நேரம் போகுது. பேர் எண்டாப் பேர்தானே."

"அந்தாளின்ர பேரை மைக்கில வாசிச்சால் அவ எழும்பி வந்து எனக்கு அடிப்பா அண்ணை."

நான் அசையவில்லை. எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அந்தத் தாடிக்காரர் பொறுமையான மனிதர். அவள் எந்த ஊர் என்று கேட்டார். தென் யூயிஸ்ட் தீவு என்றேன். உடனே எழுந்துபோய், பக்கத்துக் கூடாரத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவைக் கூட்டிவந்தார். அவவும் அந்தப் பக்கத்துத் தீவுக்காரி.

அந்த அம்மா குடும்பப் பேரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ரோடி யாருடைய மகன்?" என்று மட்டும் கேட்டா.

அது எனக்குத் தெரியும்! டொனால்டின் மகன். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, அதைத்தான் அங்கே அடுப்பில் எரிப்பார்களாம். வெட்டுகிறது ரோடி, அடுக்குகிறது சின்ன மோரா. அந்தப் புகை மணம் தன் சட்டையில் இன்னும் இருக்கிறது என்று, மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஒரு குதிரை சேற்றில் புதைந்த கதையும் சொன்னேன். அவ சிரித்தா.

தங்கள் தீவுகளில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பேர், கடையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்புவார்கள் என்றா. அதனால் அப்பாவின் பேர், அவரின் அப்பாவின் பேர், இதை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்களாம். "நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், பெட்டிதான் பிழை" என்றா. பேனையை வாங்கி, கிளான் என்ற சொல்லை வெட்டிவிட்டு எழுதினா. நேரம் 9.56.

மத்தியானம் மைதானம் முழுக்க எழுந்து நின்றது. ஒன்பதாவதாக வாசித்தார்கள்: மோராக், ரோடியின் மகள், டொனால்டின் பேத்தி, தென் யூயிஸ்ட். பிறகு அந்தப் பைப். இழவுக்கு மட்டும் வாசிக்கிற இராகமாம். முடிந்தபிறகு யாரும் கை தட்டக்கூடாது. தவம் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இப்பதான் தங்கச்சி செத்தவீடு முடிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு போய் இரண்டு ஹகிஸ் வாங்கிவந்தார். ஒன்று 9 டொலர். ஆட்டு ஈரலும் ஓட்ஸும் போட்டு அவித்தது, மிளகு நல்ல தூக்கல். ஈரல் சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: காருக்கு வழியில்லை என்றால் கம்பல்டவுனில் ரயில் மாறி மொஸ் வேலில் இறங்கலாம். ரயில் குறைவு, நேரத்தைப் பார்த்து வையுங்கள். தடித்த சப்பாத்தும் இருக்க ஒரு கதிரையும் கொண்டுபோங்கள். பேர் கொடுக்க இருந்தால் வேடிக்கை பார்க்காமல் முதலில் மேசைக்குப் போங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களிடம் அவர்களின் அப்பா அம்மாவின் பேரைக் கேட்டு வையுங்கள். முதற்பேர் மட்டும் போதாது.

மோரா, உன் ஆட்களின் பேர் எனக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. போத்தல் அடுக்குகிற மேசையில் என் வாயும் கையும் ஓயாதபோது, நானும் உன்னிடம் என் ஐயாவைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேனே. பேர்த்தில், கடைசி நாட்களில், உன்னிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டிருந்தால், நான் ஆருடைய மகள் என்று சொல்லியிருப்பாயா?