காட்டுக்கும் சரிவுக்கும் ஒரே பலகை

வெர்னா கினாகின் ஸ்னோபோர்டில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், ஏறியதே தற்செயல்தான். தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட நடந்த குலுக்கலில், இரண்டாம் பரிசாக வைத்திருந்த ஃப்ரீசருக்கு ஆசைப்பட்டுச் சீட்டு வாங்கினாள். விழுந்தது முதல் பரிசான ஸ்னோபோர்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், முப்பதைத் தாண்டியவள், பனியில் வழுக்கிக்கூட விழுந்து பழக்கமில்லாதவள், ஆள் உயரப் பலகை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் எல்மர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. போர்ஷ்ட் சூப் கிண்ட நமக்கு ஒரு பெரிய துடுப்பு வேணும்னு நினைச்சேன்."

அந்தச் சிரிப்பை அடக்கவே அவள் மறுநாள் மலைக்குப் போனாள். அப்புறம் இறங்கவே இல்லை என்றுதான் ஊரில் சொல்வார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்துவாள். மதியம் மறுபடி சாவி எடுக்கும்வரை மலைதான். சீரான சரிவுகளில் அவளுக்கு நாட்டமில்லை. கேதுரு மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் காடும், கிழக்கு முகட்டுக்குக் கீழே சுவர்போல இறங்கும் பள்ளமும்தான் அவளுக்குப் பிடித்த இடங்கள். குழாய் வேலை செய்யும் லாரன்ஸ் செமெனாஃப் அவளுக்கு மலைத் துணை. அவன் காலுக்கொரு கட்டை மாட்டிச் சறுக்கும் ஸ்கீக்காரன். காட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது என்பதால் சேர்ந்த கூட்டு அது. இருபது வருஷமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இறங்குகிறார்கள்.

ஐம்பதைத் தாண்டிய குளிர்காலத்தில், முதல் பனிக்கு அடியில் கிடந்த ஒரு கட்டையில் அவள் பலகை மோதியது. ஓரத்து இரும்பு விளிம்பு கிழிந்து வெளியே தொங்கியது. எல்மர் பசைக் குழாயோடு வந்து நின்றான். வேண்டாம் என்று அவளுடைய முகமே சொல்லிவிட்டது.

புதுப் பலகை பார்க்கப் போனாள். பலகைக் கடை வைத்திருக்கும் ஜிசெல், கியூபெக்கிலிருந்து ஒரு பருவம் பனியில் சறுக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட பெண். "எங்கக்கா ஓட்டப்போறீங்க?"

"மரத்துக்குள்ள. அப்புறம் கிழக்குப் பள்ளத்துல."

"சரிவுக்கு நீளமா, விறைப்பா இருக்கணும். மரத்துக்குள்ளன்னா குட்டையா, வளைஞ்சு குடுக்கணும். சாதுவாவும் இருக்கணும், சண்டியராவும் இருக்கணும்னு ஒரே மாப்பிள்ளையத் தேடுறீங்க."

"எனக்கு வாய்ச்சது ரெண்டுமே இல்ல. பலகையாவது அமையட்டும்."

ஜிசெல் சிரித்துக்கொண்டே நீளமானதை முதலில் கொடுத்தாள். ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டு வந்தால் போதும். பள்ளத்தில் அது தண்டவாளத்தில் போகும் ரயில்போல் பிசகாமல் இறங்கியது. லாரன்ஸுக்குப் பரம திருப்தி. காட்டுக்குள் நுழைந்ததும் கதை மாறியது. திரும்பு என்று கால் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்றது பலகை. அது யோசித்து முடிப்பதற்குள் வெர்னா ஒரு கேதுருவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது எல்மருக்குத் தெரியுமா?" என்றான் லாரன்ஸ்.

குட்டைப் பலகை நேர்மாறு. மரங்களுக்கு நடுவே மீன் மாதிரி நெளிந்தது. பள்ளத்தின் இறுகிய பனியில் தடதடவென்று அடித்துக்கொண்டது. பாதிப் பள்ளத்தை அவள் இடுப்பால்தான் இறங்கினாள்.

மூன்றாவது நடுத்தர நீளம். மூக்கு அகலம், வால் குறுகல். முன்பக்கம் வளைந்து கொடுத்தது, பின்பக்கம் விறைப்பாக நின்றது. ஒரே ஓட்டத்தில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அடிப்பக்கம் பளீரென்ற ஆரஞ்சு.

"பஸ்ஸோட நிறம்டி இது," என்று முகம் சுளித்தாள். "நாள் பூராப் பாக்குறது பத்தாதா?"

"இதே பலகை கறுப்புலயும் இருக்கு. வர நாலு நாள் ஆகும்," என்றாள் ஜிசெல்.

அதுவரை ஆரஞ்சையே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் முழங்காலுக்கு மேல் புதுப்பனி. காட்டுக்குள் லாரன்ஸ் முன்னால் இறங்கிவிட்டான். வெர்னா ஒரு மரத்தை ஒட்டித் திரும்பும்போது, அதைச் சுற்றிக் கிளைகளின் அடியில் மறைந்திருந்த குழியில் பனி உள்வாங்கியது. தலைகீழாகப் போனாள். சத்தமே இல்லை. விழும்போதே ஒரு கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவந்திருந்தாள். அந்த இடைவெளிதான் அவளுக்கு மூச்சு. கால்கள் தலைக்கு மேலே பலகையில் பூட்டியிருந்தன, கைக்கு எட்டவில்லை. அசைந்தால் இன்னும் பனி சரிந்தது. அசையாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியம் பிள்ளைகளை யார் ஏற்றுவார்கள், அந்த மேட்டு வளைவில் கியர் குறைக்க மாற்று ஆளுக்குத் தெரியுமா என்றெல்லாம் மனம் ஓடியது. எல்மர் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது பலகை ஒரு பக்கமாக இழுபட்டது. பனியைத் தோண்டும் சத்தம். குளிர்ந்த காற்று. அப்புறம் லாரன்ஸின் தாடி.

அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"கூப்பிட்டேன், பதில் இல்ல. திரும்பிப் பாத்தா எல்லாம் வெள்ளை. ஒரு மரத்தடியில மட்டும் ஆரஞ்சா உன் பஸ் நிக்குது. டிரைவரக் காணோம்."

"அண்ணே," என்றாள் வெர்னா. அவன் கையுறையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மதியம் பேருந்தை ஓட்டினாள். வழக்கத்தைவிட மெதுவாக. கடைக்குப் போய், கறுப்பு வேண்டாம், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். காரணத்தைக் கேட்ட ஜிசெல் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவளை இறுக அணைத்துக்கொண்டாள். வீட்டில் எல்மர் சிரிக்கவில்லை. போர்ஷ்ட் கிண்ணத்தை அவள் முன் வைத்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். "நாளைக்குப் போவியா?" என்றான்.

"போவேன்."

"சரி. லாரன்ஸையும் சாப்பிடக் கூட்டிட்டு வா."

அடுத்த வாரம் கிழக்குப் பள்ளத்தில் பனி கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது. மேலே நின்று வெர்னா ஒருமுறை கீழே பார்த்தாள், முன்காலில் சாய்ந்தாள். பலகை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது. மூன்று திருப்பம், நாலு திருப்பம், விளிம்பு நழுவவே இல்லை. கீழே காட்டு முகப்பில் நின்றாள். லாரன்ஸ் வந்து சேர்ந்தான்.

"உள்ள போகாம ஏன் நிக்கிற?"

"நீ முன்னால போ. நான் உன்னப் பாத்துக்கிட்டே வரேன்."

"இனிமே முன்ன பின்னங்கிற கதையே கெடையாது," என்றான் லாரன்ஸ். "சேந்துதான் போறோம்."

இருவரும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பக்கம் பக்கமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள்.