புதிய புற்றுநோய்க்கு ஒரு வேண்டுதல்

என் மனைவிக்கு வந்திருப்பது புதிய புற்றுநோயாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மலேசியாவின் மூவாரில், எங்கள் வீட்டுப் பூசையறையில் அப்படியொரு வேண்டுதல் அதற்குமுன் எழுந்ததில்லை. சாமிக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவள் கழுத்தில் வந்த கட்டி லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏற்றி, முடி கொட்டி, குணமாகி, மறந்தும் போயிருந்தோம். இப்போது தொடையிடுக்கில் இன்னொரு கட்டி. பழையதே பதுங்கியிருந்து பரவியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அதற்குத் தொடர்பில்லாத புதியதென்றால் வாய்ப்பு எவ்வளவோ மேல்.

"மைக்ரோஸ்கோப்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஜீன் பார்த்தாதான் தெரியும்" என்றார் டாக்டர்.

அரசாங்க ஆய்வகங்களில் திசுவை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி ஓய்வு பெற்றவன் நான். பழைய மெழுகுக்கட்டி எந்தக் கிடங்கில் இருக்கும், அதை எடுக்க யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த அறிவால் வீட்டில் ஒரு குழாய்கூடச் சரியானதில்லை என்பாள் மனைவி.

பழையதைக் கிடங்கிலிருந்து எடுத்தோம்; இரண்டு கட்டிகளின் மெழுகுத் துண்டுகளும் ஜொகூர் பாருவிலுள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போயின. முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் இப்போது அங்கே அதிகாரி. டாக்டரின் அனுமதியோடு எங்கள் இருவரையும் கணினித் திரைமுன் உட்கார வைத்தாள்.

நம் உடலில் நோயை எதிர்க்கும் உயிரணு ஒவ்வொன்றும், உருவாகும்போது தன் மரபணுவின் ஒரு பகுதியைத் தானே வெட்டி, தன் விருப்பத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒன்று ஒட்டியது போல் இன்னொன்று ஒட்டுவது அபூர்வம். அவற்றில் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகினால் அதுதான் லிம்போமா; அதன் வாரிசுகள் அத்தனையும் அதே ஒட்டைச் சுமக்கும். கழுத்திலிருந்து தொடைவரை போனாலும், ஏழு ஆண்டு ஒளிந்திருந்தாலும் அந்த ஒட்டு அழியாது. பாடமாக இது எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவியின் ஒட்டு, எழுத்து எழுத்தாகத் திரையில் வரிசையாக நின்றபோது, நான் அதுவரை சாயத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

மேல் வரி கழுத்துக் கட்டி. கீழ் வரி புதியது. இரண்டும் எங்குமே பொருந்தவில்லை.

"வேற வேற, அங்கிள். இது பழசு பரவினது இல்ல" என்றாள் அதிகாரி.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"சாம்பிள் மாறிப் போயிருந்தா? பழைய கட்டி வேற யாருடையதாவும் இருக்கலாமே?"

"அலமாக்! நல்ல சேதி சொன்னாலும் இவருக்கு முத்திரை குத்திக் குடுக்கணும் லா" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"அங்கிள் கேட்கிறதும் சரிதான், ஆன்ட்டி. செக் பண்ணிடலாம்."

பெற்றோரிடமிருந்து வந்து, உடல் முழுக்க ஒன்றுபோலவே இருக்கும் அடையாளங்களை இரு மெழுகுக்கட்டிகளிலும் ஒப்பிட்டார்கள். முடிவு வரும்வரை மனைவி என்மேல் கோபமாகவே இருந்தாள். தீபாவளித் துணி எடுக்கப் பக்கத்து ஊரான தங்காக் போகலாமா என்று கேட்டதற்கு, "நான் நான்தானான்னு தெரியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

இரண்டும் அவள்தான். அவள் அப்பாவும் அம்மாவும் கொடுத்தது இரண்டிலும் இம்மியும் பிசகாமல் இருந்தது. அவள் உயிரணுக்கள் தாமே வெட்டி ஒட்டியது மட்டும் வேறு. நகத்தளவு மெழுகில் அவள் பரம்பரையும் இருந்தது, அவள் உடலுக்குள் மட்டும் நடந்த விபத்தும் இருந்தது. காலமெல்லாம் இதைத்தான் சீவி, மிச்சத்தைக் குப்பையில் தட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து திரும்பும் வழியில் அதை அவளிடம் சொல்லத் தொடங்கினேன்.

"அழாம ஓட்டுங்க. நேரா தங்காக் போங்க. முடி கொட்டுறதுக்கு முன்னால புதுச்சேலை கட்டி ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

கடையில் அவள் நீலப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். சாயம் போகுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"முதலாளி, பதில் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "நீங்க சொன்னாலும் நம்ப மாட்டாரு. ஒரு துண்டு வெட்டிக் கேப்பாரு."