அக்கரை இல்லாத தண்ணீர்

நான் கடலைப் பார்த்ததில்லை. இன்றுவரைக்கும் இல்லை. ஆனால் என் பிள்ளைகள் இரண்டுக்கும் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தவளுக்குக் கடலோடு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் யாரும் கப்பலேறிப் போகவில்லை, அதனால் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் போனார். மழை பொய்த்து, மாட்டுக்குச் சோளத்தட்டுகூட மிஞ்சாத வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். ஒருமுறை வந்தார். சின்னவன் என் வயிற்றில் இருக்கும்போதே திரும்பிப் போனார். பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. கப்பலும் நின்றது, தபாலும் நின்றது.

பெரியவளுக்கு அப்போது ஆறேழு வயசு. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று அவள் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. "கடலுன்னா என்னம்மா?" என்று கேட்டால் கொஞ்சம் இருந்தது. வந்திருந்தபோது அவர் சொல்லிவிட்டுப் போனது. ஆகவே முதல் கேள்வி வரும்போதெல்லாம் இரண்டாவதற்குப் பதில் சொல்லிச் சமாளித்தேன்.

மோகனூரில் காவேரி இருகரையும் தொட்டுக்கொண்டு போகுமே, அந்த மாதிரி என்றேன். ஆனால் அக்கரை கண்ணுக்குத் தெரியாது. நாள்கணக்காகக் கப்பலில் போனால்தான் தெரியும், அங்கேதான் அப்பா இருக்கிறார். உலகத்தில் கடலுக்கு எத்தனை பேர் வைத்திருந்தாலும் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்த ஒரே தண்ணீர். மண்ணைவிட அதுதான் அதிகம்.

"அத்தன தண்ணி எதுக்கும்மா?"

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கி, அடியில் கோத்திருந்த நீர்த்துளிகளைக் காட்டினேன். "இங்க பாரு சாமி. வெயிலு கடலைச் சூடு பண்ணுது. ஆவி மேல போயி மேகமாகுது. காத்து அதைத் தள்ளிக்கிட்டு வந்து நம்ம சோளக்காட்டுல ஊத்துது. உப்பு மட்டும் அங்கயே தங்கிக்கும்." நம் கிணற்றில் ஊறுகிறதும், சந்தையில் வாங்குகிற உப்பும் கருவாடும் அங்கிருந்து வந்ததுதான் என்றேன். கடல் இல்லாவிட்டால் ஒரு புல் முளைக்காது, ஒரு குருவி பிழைக்காது என்றேன். எனக்கே என் பேச்சு பெருமையாக இருந்தது.

"கடலு இல்லீன்னா அப்பா நடந்தே ஊட்டுக்கு வந்துருப்பாரல்லம்மா?" என்றாள் அவள்.

நான் மூடியைப் பானைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு மோகனூர் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்பிள்ளைகள் சட்டியில் நவதானியம் விதைத்து வீட்டுக்குள் வளர்த்த முளைப்பாரியைக் காவேரியில் விடுவார்கள். அந்த வருஷம் என் மகள், ஊறவைத்த அரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசியைப் பூவரச இலையில் பொட்டலம் கட்டி முளைப்பாரிக்கு நடுவில் செருகினாள். "காவேரி கடலுக்குப் போகுது. கடலு அப்பா இருக்கற கரைக்குப் போகுது" என்றாள். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். "உங்கப்பனுக்குப் பல்லெல்லாம் போன பொறவுதான் போய்ச் சேரும் போ" என்றாள் ஒருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் சேர்த்து ஆற்றோடு அனுப்பியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன். ஆற்றை மட்டுமே கண்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். தண்ணீரில் விட்டது ஏதோ ஒரு கரையில் ஒதுங்கித்தானே ஆகவேண்டும்? அடுத்தடுத்த ஆடிக்கு அவளுக்கு முன்னால் நானே அரிசியை ஊறப்போட்டேன்.

சண்டை ஓய்ந்து கப்பல் ஓடத் தொடங்கியபின் ஒரு நாள், வாழப்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஜப்பான்காரன் எங்களையெல்லாம் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனாம்மா. மழைன்னா மழை, நின்னாதானே. நனைஞ்சுகிட்டே வேலை, நனைஞ்சுகிட்டே தூக்கம். அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. நான்தாம்மா மண்ணு தள்ளினேன்."

எப்போது என்று கேட்டேன். சண்டை வந்த மறுவருஷமே என்றார். எங்கள் நிலத்துக்கு வராத மழைக்காகத்தான் அந்த மனுஷன் ஊரைவிட்டுப் போனார். அந்த மழை அங்கே போய் அவர்மேல் விடாமல் பெய்திருக்கிறது. அன்றைக்குக் கடலையும் மேகத்தையும் நான் வைத வசவு எந்தச் சாமிக்கும் அடுக்காது.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "ஏனுங்க, அந்தக் காட்டுக்குப் பக்கத்துல கடலு இருக்குதுங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"இல்லம்மா. கடலு எங்கயோ கெடக்குது. சுத்தியும் மலையும் மரமும்தான்."

அவர் கிளம்பிப் போகும்வரை அவள் கதவோரமே நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நாம உட்டதையெல்லாம் மீனு தின்னுருக்கும்மா. அதுகளுக்கும் பசிக்குமல்ல. நீ அழுவாத."

தாலியைக் கழற்றிய அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.