சவுக்குத் தோப்புப் புல்லில் உட்கார்ந்த பத்து நிமிடம்

கார்த்திகை மழை விட்டு ஒரு வாரம் ஆனபோது, நானும் என் கணவர் சேகரும் புதுச்சேரிக்கு ஒருநாள் பயணம் போய்வந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். தவளக்குப்பம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு, ஆள் நடமாட்டமே இல்லை, புல்லில் உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம் என்று படத்தோடு போட்டிருந்தேன். அதைப் பார்த்துப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள். அடுத்த பதினான்காம் நாள் நாங்கள் மறுபடியும் புதுச்சேரிக்குப் போனோம். அந்தப் பயணம் ஊர் சுற்ற அல்ல.

முதல் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செஞ்சி. சனிக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனம் வழியாக அறுபத்தாறு கிலோமீட்டர். எட்டு மணிக்குள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டோம். என் பள்ளித்தோழி ரேவதி சாரத்தில் குடியிருக்கிறாள். காய்ச்சல் நோய்களை ஆராயும் ஒரு குழுவில் டெக்னீஷியன். "நாங்க எலி புடிக்கிறத வந்து பாருடி, உன் பிளாகுக்கு ஆவும்" என்று அவள்தான் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கே ஜீப்பில் வந்து ஏற்றிக்கொண்டாள்.

கடலூர் சாலையில் ஒன்பது கிலோமீட்டரில் தவளக்குப்பம் கூட்டு ரோடு. அங்கிருந்து உள்ளே திரும்பினால் தோப்பு. முந்தின நாள் மாலை வைத்த கூண்டுகளில் மூன்று எலிகள் இருந்தன. மயக்க மருந்து கொடுத்த எலியின் காதை ரேவதி லென்ஸ் வழியாகக் காட்டினாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தூள் கொட்டிக் கிடப்பதுபோல இருந்தது. அந்தத் தூள் அசைந்தது! அத்தனையும் உண்ணிக் குஞ்சுகள். எலி மேல் ஏறும், இல்லாவிட்டால் புல் நுனியில் உட்கார்ந்து மனிதருக்காகக் காத்திருக்கும். சிலவற்றில் கிருமி இருக்கும், கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரும். எந்தெந்த இடத்தில் அது இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் அவர்கள் ஆராய்ச்சி. குழுவில் எல்லோரும் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

"புல்லுல மட்டும் உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டு ரேவதி கூண்டுகளோடு அடுத்த இடத்துக்குப் போனாள். போன கையோடு நான் சேகரைப் புல்லில் உட்காரச் சொன்னேன். வெயில் சவுக்கு வழியாகச் சரிந்து விழுந்தது, படம் நன்றாக வரும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். சரியான கோணம் வேண்டும் என்று நானும் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை மாலை அவருக்குக் குளிர் காய்ச்சல். புதனன்று கிளினிக்கில் வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். வியாழன் ரத்தப் பரிசோதனை செய்ததில் டெங்கு இல்லை. அப்பாடா என்றிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டைத் தொடவில்லை, தலைவலியில் கண்ணைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவருக்கு மூச்சு வாங்கியது. கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, ஓடி வந்தவர் மாதிரி வாங்கியது. ரேவதிக்குப் போன் போட்டேன்.

"மலரு, அன்னிக்கு அவரு எங்கனா புல்லுல உக்காந்தாரா?"

"நான்தான்டி உக்கார வெச்சேன்."

"சரி, போன வைக்காத. துணிய எடுத்துட்டு உடம்பு பூரா பாரு. அக்குளு, இடுப்பு, தொட இடுக்கு. பீடி நெருப்பு சுட்டாப்போல கருப்பா ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது."

இடுப்பில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. மிளகு அளவுக்குக் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு.

"அதுவா?" என்றார் சேகர், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "ஒரு வாரமா இருக்குது. பெல்ட்டு உரசினதுன்னு விட்டுட்டேன்."

இதைக் கேட்டதும் ரேவதி, "ஒடனே கிளம்பு, இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நீ வர்றதுக்குள்ள டாக்டருகிட்ட நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

வாடகைக் கார் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய். ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் ஏழுமலை அண்ணன், எங்கள் தெருக்காரர். திண்டிவனம் தாண்டியதும் சேகரின் தலை என் தோளில் சாய்ந்தது. கூப்பிட்டால் பதில் தாமதமாக வந்தது.

"கண்ண மூட வுடாதம்மா," என்றார் அண்ணன், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல். "பேச்சு குடுத்துக்கினே வா."

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கட்டிட்டேன், கட்டிட்டேன் என்று அவர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புதுச்சேரி வரை முப்பத்தெட்டு கிலோமீட்டரும் அப்படியே போனது. உதடு நீலமாகிறதோ என்று பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

எட்டரைக்கு அவசரப் பிரிவு. இளம் பெண் மருத்துவர் அந்தப் பொருக்கைப் பார்த்த மாத்திரத்தில், "டெஸ்ட் ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ண வேணாம், மருந்த ஆரம்பிங்க" என்று நர்ஸிடம் சொன்னார். அபூர்வ மருந்தெல்லாம் இல்லை, ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிற ஆன்டிபயாடிக்தான். என்னிடம், "நோய் நுரையீரல்ல கொஞ்சம் எறங்கியிருக்கு. ரெண்டு நாள்ல காய்ச்சல் விடணும்" என்றார். விடாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

நானும் அதே புல்லில் உட்கார்ந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு என் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒவ்வொரு மச்சமும் பொருக்காகத் தெரிந்தது. மதியம் சாதம் எடுத்துக்கொண்டு வந்த ரேவதி என் முதுகைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, மச்சம்தான்டி. இன்னும் ஒரு வாரம் பாத்துக்கோ" என்றாள். பிறகு, "சொல்லிட்டுப் போனேன், ஆனா நின்னு பாக்கல" என்று அழுதாள். தப்பு என்னுடையது என்றேன்.

ஞாயிறு முழுக்க காய்ச்சல் இறங்கவில்லை. திங்கள் விடிந்ததும் அவர் படுக்கை விரிப்பு வியர்வையில் நனைந்திருந்தது. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்தவர் சிரித்தார். சேகர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "டீ கெடைக்குமா?" என்றார்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் உட்கார்ந்த இடம் எதுவென்று சரியாகத் தெரிந்தால் அங்கே கூண்டு வைக்கலாம் என்று ரேவதி கேட்டதால், ஊருக்குத் திரும்பும் முன் அவளையும் ஏற்றிக்கொண்டு தோப்புக்குப் போனோம். சேகர் கார் ஜன்னல் வழியாகவே கை காட்டினார். நான் இறங்குவதாக இல்லை. ஆனால் அங்கே ஒரு குடும்பம் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தது. குழந்தை வெறுங்காலோடு புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தது. வண்டித் தடத்தோடு ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரேவதி பூட்ஸ் காலோடு வந்து சொன்ன பிறகுதான் குழந்தையைத் தூக்கினார். தூக்கியதும் அதன் தொடை மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.

தவளக்குப்பத்தின் மேல் பழி போடவில்லை. புதரும் எலியும் உள்ள எந்த ஊரிலும், எங்கள் செஞ்சி மலையடிவாரத்திலும் இது இருக்கலாம் என்கிறாள் ரேவதி. போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போனால் பாதையிலேயே நடங்கள், முழுக்கால் சட்டையும் ஷூவும் போடுங்கள், வீடு திரும்பியதும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு சோப்பு தேய்த்துக் குளியுங்கள். பழைய பதிவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கூச்சப்படாமல் உடம்பு முழுக்க மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போனீர்கள், எதன் மேல் உட்கார்ந்தீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நாங்கள் நான்கு நாள் சொல்லவில்லை.