பாய் இல்லாத வசனம்

தாளை முகத்துக்கு நேரே பிடித்து எங்களுக்குப் படித்துக் காட்டியதும் லெய்சாவி வாயை இறுக மூடிக்கொள்வாள். விளக்கம் சொல்லக் கூடாது என்பது மொழிபெயர்ப்புக் குழுவின் விதி. "என்ன புரிஞ்சுது? உங்க வாயால சொல்லுங்க," என்பாள், அவ்வளவுதான். போர்ட் விலா சந்தையில் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு தீவின் பாஷை. பேரத்துக்கும் சண்டைக்கும் எல்லோருக்கும் பொதுப் பாஷை பிஸ்லாமா. அதில் வேதாகமத்தைக் கொண்டுவருகிறவள் இவள். நாங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் வசனம் தேறும்.

காய்கறி எதுவும் வாங்க மாட்டாள். படித்துக்கொண்டே என் கடை வேர்க்கடலையைக் கொறிப்பாள். கேட்டால், "ஊழியம்டி," என்பாள்.

ஒரு வசனம் மட்டும் தேறவே இல்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரனிடம் முதலில் போய்ச் சமாதானம் ஆகும்படி சொல்லும் இடம்.

"கையில என்ன கொண்டு போனான்?" என்றாள் கிழங்கு விற்கும் மரியான்.

"அதுல ஒண்ணும் சொல்லலையே."

"பாய் இல்ல, பன்னி இல்ல. சமாதானத்துக்கா போனான்? வம்பு வளர்க்கப் போயிருக்கான்."

எங்கள் வழக்கத்தில் பாயும் பன்றியும் கொடுத்தால்தான் சமாதானம். வாக்கியத்தை எப்படி மாற்றினாலும் இதே பதில். இந்த ஒன்றுக்காகச் சுவிசேஷமே அச்சுக்குப் போகாமல் கிடந்தது.

பக்கத்துக் கடை டோரா, லெய்சாவியின் கூடப்பிறந்த தங்கை, வாயே திறக்க மாட்டாள். இருவரும் சேர்ந்து வளர்த்த பன்றியைத் தம்பி கல்யாணத்தில், ஊர் கூடிய இடத்தில், லெய்சாவி தன் பெயரை மட்டும் சொல்லிச் சீராகக் கொடுத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இந்த முறை டோரா கிழங்குப் பிட்டை இலையில் மடித்தபடி என்னிடம் சொன்னாள்: "பாய் இல்லாம வந்து நிக்கிறவங்களை எனக்குத் தெரியும்னு சொல்லுடி. வாரா வாரம் வராங்க."

லெய்சாவி தாளை மடித்துக்கொண்டு போனாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் செய்தது அநியாயம்.

அடுத்த வாரம் தாள் இல்லை. கக்கத்தில் புதுத் தாழம்பாய், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பன்றி. வந்ததும் அது என் கடலைக் கூடையில் வாயை வைத்தது. குடும்பமே அப்படித்தான்.

"அன்னைக்குக் கொடுத்தது நம்ம ரெண்டு பேர் பன்னி. உன் பேரைச் சொல்லாம விட்டது என் தப்பு, டோரா. இந்தா," என்றாள், சந்தை முழுக்கக் கேட்கும்படி.

டோரா பாயை வாங்கிக்கொண்டாள். "வசனத்தைச் சொல்லுக்கா."

மனப்பாடமாகவே சொன்னாள், ஒரு வார்த்தை மாற்றாமல். பிறகு, "உனக்கு என்ன புரிஞ்சுது?" என்றாள்.

டோரா பாயை விரித்து ஓரமாக உட்கார்ந்தாள். மறுபாதியைக் கையால் தட்டிக் காட்டினாள்.